ஐப்பசியில் தண்ணீர்க் கரை: புதுச்சேரியா, ஆலப்புழையா, உதய்ப்பூரா?

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். அக்டோபர் 24, சனிக்கிழமை எங்கள் பத்தாவது திருமண நாள். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு இருவர் மட்டும் மூன்று இரவு தண்ணீர் பக்கமாகத் தங்கலாம் என்று ஆசை. ஆர்.டி. முதிர்ந்து ரூ.40,000 வருகிறது. உதய்ப்பூர் ஏரிதான் மனைவியின் விருப்பம். குறையும் பணத்தை கிரெடிட் கார்டில் ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ போட்டுக்கொள்ளலாமா? இல்லை, புதுச்சேரி அல்லது ஆலப்புழை போதுமா? மூன்றுக்கும் விசாரித்த விலைகளை இணைத்துள்ளேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய விலைகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி, ஆலப்புழையைவிட விலை கூடுதல்.

புதுச்சேரி ரிசார்ட்டில் அறை ரூ.7,800. வாடகை ரூ.7,500-ஐத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18%, அதற்குள் இருந்தால் 5%. ஆகவே உங்கள் அறை ஓர் இரவுக்கு ரூ.9,204. மூன்று இரவுக்கு ரூ.27,612. கார் ரூ.6,000, சாப்பாடு ரூ.9,000 சேர்த்து மொத்தம் ரூ.42,612. ஹோட்டலுக்கு நேரடியாக போன் செய்து வாடகையை ரூ.7,500 ஆக்கச் சொல்லுங்கள். அவர்கள் விடுவது 300 ரூபாய்தான். வரியும் சேர்ந்து உங்களுக்கு மிச்சம் ஓர் இரவுக்கு ரூ.1,329.

ஆனால் ஐப்பசியில் வங்கக் கடலோரம் காசு கொடுத்து மழையைப் பார்க்கிற வேலை. 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு கரை கடந்தது புதுச்சேரி அருகேதான். ஊரின் கடற்கரைச் சாலையில் இருப்பதும் பாறைக் கரை, குளிக்க ஆகாது. அதன் ஒரே பலம் தூரம்: 150 கிலோமீட்டர். முன்பணமே கட்டாமல், வியாழக்கிழமை வானிலை பார்த்துவிட்டுக் கிளம்பலாம். அதை மாற்று ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உதய்ப்பூரில் அக்டோபர் அருமையான மாதம். பருவமழை முடிந்து பிச்சோலா, ஃபதே சாகர் ஏரிகள் நிறைந்திருக்கும், வானம் வெளுத்திருக்கும். உங்கள் மனைவியின் தேர்வில் குறை இல்லை, கணக்கில்தான் இடிக்கிறது. விமானம் ரூ.31,000, அறை வரியோடு ரூ.20,475, மற்றவை ரூ.14,000, ஆக ரூ.65,475. துண்டு விழுவது ரூ.25,475.

இ.எம்.ஐ.யில் வட்டி இல்லை என்பது பாதி உண்மை. வட்டிக்கு ஈடாக விலையில் தள்ளுபடி தருகிறார்கள். ஆனால் அந்த வட்டி மீது 18% ஜி.எஸ்.டி., செயலாக்கக் கட்டணம், அதற்கும் ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்தான். இது சில நூறு ரூபாய், போகட்டும். பயணம் ரத்தானால்தான் வலிக்கும். மலிவு விமான டிக்கெட்டில் பெரும்பாலும் வரிப் பணம் மட்டுமே திரும்பும், இ.எம்.ஐ.யோ தானாக நிற்காது. நீங்களே வங்கியிடம் சொல்லி முடிக்க வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. போகாத ஊருக்கு ஆறு மாதம் தவணை கட்டுவீர்கள்.

ஆகவே இந்த முறை ஆலப்புழை. ரயில் ரூ.6,000, காயலோர விடுதி இரண்டு இரவு வரியோடு ரூ.9,450, படகு வீடு ஓர் இரவு ரூ.13,000, ஆட்டோ, சாப்பாடு ரூ.5,000. மொத்தம் ரூ.33,450. ரத்தானாலும் சிக்கிக்கொள்ளும் பணம் குறைவு.

அங்கேயும் துலாவர்ஷம் (கேரளத்தில் வடகிழக்குப் பருவமழையின் பெயர்) உண்டு, ஆனால் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். இதை மனதில் வைத்துப் படகு வீட்டைப் பேசுங்கள். பகல் 12 மணிக்கு ஏற்றி, மறுநாள் 9 மணிக்கு இறக்குவார்கள். மீனவர்கள் வலை போடுவதால் மாலை ஐந்தரைக்கே கரையில் கட்டிவிடுவார்கள். கொடுக்கிற 13,000-க்குப் படகு ஓடுவது ஐந்து மணி நேரம் சொச்சம், அதுவும் இடி மழை வரும் வேளையில். ‘ஏ.சி. படகு’ என்றால் பல படகுகளில் இரவு 9 முதல் காலை 6 வரைதான். பகலிலும் ஓடுமா, மறுநாள் காலை மீண்டும் ஒரு சுற்று உண்டா, விலையில் வரி அடக்கமா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். முன்பணம் 25 சதவீதம், அதாவது ரூ.3,250-க்கு மேல் வேண்டாம். மீதியைப் படகைப் பார்த்த பிறகு கொடுங்கள். ரயில் நிலையத்தில் பிடித்துக்கொள்ளும் தரகரிடம் பேசினால் அவர் கமிஷனும் உங்கள் வாடகையில்தான் ஏறும்.

சனிக்கிழமை வேண்டாம், 26 திங்கள் இரவுக்குப் படகு கேளுங்கள், வாடகை இறங்கும். திருமண நாளன்று விடுதியில் தங்கி, மறுநாள் விடியலில் ஒரு ஷிகாராவை (கூரை போட்ட சிறு படகு) மணிக் கணக்கில் அமர்த்துங்கள். படகு வீடு நுழையாத குறுகிய கால்வாய்களுக்குள் அது போகும். கோட்டயம் போகும் அரசுப் படகில் சில பத்து ரூபாய்க்கு இதே காயலைப் பார்க்கலாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். 23 இரவு கிளம்ப ஆகஸ்ட் 24; 27 மாலை திரும்ப ஆகஸ்ட் 28. இரண்டாவது தேதியை மறப்பவர்கள்தான் தட்கலில் அதிகம் கொடுக்கிறார்கள்.

மிச்சம் ரூ.6,550-ஐப் பெரிய படகுக்கு மாறச் செலவழிக்காதீர்கள். நவம்பரில் மாதம் ரூ.7,500-க்கு ஒன்பது மாத ஆர்.டி. தொடங்க இதையே முதல் தவணையில் போடுங்கள். அடுத்த ஆகஸ்டில், உதய்ப்பூர் டிக்கெட் எடுக்கும் நேரத்தில், வட்டி போக ரூ.67,500 கையில் இருக்கும்.