எம்.டி.எஃப் பலகை என்றால் என்ன? ஃபர்னிச்சருக்குச் சரிவருமா?

மரத்தை வேகவைத்து, மெல்லிய நாராகப் பிரித்து, பிசின் கலந்து, சூடும் அழுத்தமும் கொடுத்துப் பலகையாக்கினால் அதுதான் எம்.டி.எஃப் (மீடியம் டென்சிட்டி ஃபைபர்போர்டு). காகிதக்கூழில் கொலு பொம்மை செய்வது போலத்தான். நார்கள் கலந்து கிடப்பதால் ரேகை, கணு எதுவும் இல்லை. அதனால் ரூட்டர் (மரத்தைக் குடையும் மெஷின்) வைத்துப் பூவேலை செய்தாலும் ஓரம் சிலாம்பு சிலாம்பாகப் பிய்யாது, பெயிண்டும் வழவழவென்று பிடிக்கும். அலமாரிக் கதவு, டிவி யூனிட்டுக்கு என் ஓட்டு இதற்கே.

ஆனால் பலகையின் ஓரத்தில், முதலில் துளை போடாமல் ஸ்க்ரூ முடுக்கினால் பிளந்துவிடும். வெட்டிய ஓரத்தை எட்ஜ் பேண்ட் என்னும் மெல்லிய பட்டையை ஒட்டி மூடாவிட்டால் தண்ணீர் குடித்து ஊதும்; ஊதியது பழையபடி சுருங்காது.

அப்புறம், பச்சை நிற எம்.டி.எஃப் 'வாட்டர்ப்ரூஃப்' என்று பலர் நம்புகிறார்கள். அது காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், தண்ணீர் தேங்கினால் தாங்காது.