அகச்சிவப்பு இணைப்பில் யார் முதலில் பேசுவது? கேள்வி பதில்

கேள்வி: கம்பி வழித் தொடர்புக்கு எச்டிஎல்சி என்ற நெறிமுறை முன்பே இருந்ததே, கருவிகள் அகச்சிவப்பு ஒளியால் தரவு பரிமாறிக்கொள்ள ஏன் தனியாக ஐஆர்லேப் என்ற நெறிமுறை?

பதில்: அகச்சிவப்புத் தரவுத் தொடர்புக்கான தரங்களை வகுக்க 1993இல் அமைந்த ஐஆர்டிஏ அமைப்பு ஐஆர்லேப்பைப் புதிதாகப் படைக்கவில்லை, எச்டிஎல்சியையே எடுத்துத் திருத்தியது. திருத்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒரே குறைதான். ஒரு கருவியின் ஒளியுமிழ் டையோடு எரியும்போது, அதன் அருகிலேயே இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தில் கண் கூசிப்போகிறது. டையோடு அணைந்த பிறகும் அது தெளிவதற்குச் சில மில்லி விநாடிகள் வரை ஆகலாம். ஆகவே பேசிக்கொண்டே கேட்பதும், தான் அனுப்பும்போதே மோதலைக் கண்டறிவதும் இங்கே இயலாது. ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் முதலில் பேசுவது யார்?

பதில்: பேச விரும்பும் கருவி முதலில் 500 மில்லி விநாடிக்கு மேல் மௌனமாகக் கேட்க வேண்டும். அமைதி உறுதியானதும், எல்லாக் கருவிகளுக்கும் புரியும் விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் அது தேடலைத் தொடங்கி, 1, 6, 8 அல்லது 16 நேரத்துண்டுகளை அறிவிக்கும். எதிரே இருப்பவை ஆளுக்கொரு துண்டைக் குலுக்கலாகத் தேர்ந்து, தம் 32 பிட் முகவரியைச் சொல்லும். அந்த முகவரியும் குலுக்கலாக எடுத்ததுதான் என்பதால், இரண்டு ஒன்றாக அமைந்துவிட்டால் மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

அதன் பிறகு வேகம், சட்டகத்தின் (ஒன்றாகக் கட்டி அனுப்பும் தரவுத் துண்டின்) அளவு, ஒளியுணரி தெளியத் தேவையான நேரம் ஆகியவற்றை இரு பக்கமும் பேசி முடிவு செய்கின்றன. ஒன்று முதன்மை நிலையமாகவும் மற்றது இரண்டாம் நிலையமாகவும் அமைகின்றன. நெறிமுறையின் தொடக்க வடிவில் ஒரு முறைக்கு அதிகபட்சம் 7 சட்டகங்கள் அனுப்பலாம். கடைசிச் சட்டகத்தில் உள்ள ஒரு பிட், ‘இனி உன் முறை’ என்று சொல்லும்.

கேள்வி: மூன்றாவது கருவி ஒன்று, இருவரில் ஒருவரை மட்டுமே பார்க்கும் கோணத்தில் இருந்தால் குறுக்கிடாதா?

பதில்: இந்த நெறிமுறையில் நான் மிகவும் ரசிப்பது இந்த இடத்தைத்தான். ஒரு நிலையம் தன் முறையை 500 மில்லி விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுப்பத் தரவு இல்லாவிட்டாலும் ஒரு வெறும் சட்டகத்தையாவது அனுப்பி முறையைத் திருப்ப வேண்டும். ஆகவே ஒருவரை மட்டுமே காண்கிற கருவியும், 500 மில்லி விநாடிக்கு மேல் காத்திருந்தால் அவருடைய குரலை ஒரு முறையாவது கேட்டுவிடும். விநாடிக்கு 40 லட்சம் பிட் வேகத்தில் நடக்கும் உரையாடல் பழைய கருவிகளுக்குப் புரியாது என்பதால், அதே கால இடைவெளிக்குள் அவற்றுக்குத் தெரியும்படி ஒரு துடிப்பையும் அனுப்ப வேண்டும் என்று விதித்தார்கள்.

கேள்வி: தொலைக்காட்சி ரிமோட்டும் இப்படித்தானா?

பதில்: இல்லை. பொதுவாக அது ஒருவழி, ஒப்புகை கிடையாது. வேலை செய்யாவிட்டால் நாமே மறுபடி அழுத்துகிறோம்.

கேள்வி: நடுவில் கை குறுக்கே வந்தால் இணைப்பு அறுந்துவிடுமா?

பதில்: உடனே அறாது. சிதைந்த சட்டகம் பிழைச் சோதனையில் நிராகரிக்கப்பட்டு, வரிசை எண்ணைக் கொண்டு மறுபடி அனுப்பப்படுகிறது. அடியோடு மறைந்தால், முதன்மை நிலையம் விடாமல் அழைத்துக்கொண்டே இருக்கும்; இணைப்பைப் பயன்படுத்தும் மேலடுக்கு மென்பொருளுக்கு எச்சரிக்கை போகும். தொடக்கத்தில் ஒத்துக்கொண்ட கெடு, அதிகபட்சமாக 40 விநாடி, கடந்த பிறகே இணைப்பு துண்டிக்கப்படும். அதற்குள் கையை எடுத்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.