பெர்லின் சைக்கிள் தரவு: புள்ளி அதிகமென்றால் ஆபத்து அதிகமா?

சைக்கிள் ஓட்டுபவர்கள் மயிரிழையில் தப்பிய சம்பவங்களைப் போனில் பதிவு செய்யும் சிம்ரா செயலியின் தரவை வரைபடத்தில் போட்டதும் பெர்லினில் ஒரு தெரு மட்டும் சிவந்து கிடக்கிறது, அதுதான் மிக ஆபத்தானது என்று அறிக்கையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அங்கே சைக்கிள் நடமாட்டமே அதிகமாக இருக்கலாம். சிம்ரா பயணத் தடங்களையும் பதிவு செய்கிறது; சம்பவ எண்ணிக்கையை அங்கே பதிவான பயணங்களால் வகுத்துப் பாருங்கள். பயணம் மிகக் குறைந்த தெருக்களை ஒதுக்கிவிடுங்கள், ஒரே சம்பவம் விகிதத்தை எகிற வைத்துவிடும்.

இன்னொன்று, திடீர் பிரேக்கைப் போன் சென்சார் பிடித்துவிடும். கார் உரசுகிற மாதிரி கடந்துபோனால் குலுக்கலே இருக்காது. ஓட்டியவர் தானே குறித்தால்தான் உண்டு. நகருக்குள் முந்தும்போது 1.5 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது ஜெர்மனியில் 2020 முதல் சட்டம். அதனால், முந்தும் வண்டி எவ்வளவு தள்ளிப் போனது என்று அளக்கும் ஓப்பன்பைக்சென்சார் என்ற சைக்கிள் கருவியின் அளவீடு கிடைத்தால் விடாதீர்கள். பயந்து அந்தப் பக்கமே வராதவர்கள் இந்தத் தரவில் இல்லை என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.