சுவரை உடைத்தால் அடுக்களை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த, சில்லறைத் திருடர்களைப் பற்றிய இத்தாலியப் படமான ‘இ சோலிதி இன்யோத்தி’யை ஆங்கில டப்பிங்கில் பார்த்தேன். உதட்டசைவு ஒட்டவே இல்லை. நடுவில் ஒருவர் செத்தும் போகிறார். இதை எப்படி நகைச்சுவைப் படம் என்கிறார்கள்?

கு.

அன்புள்ள கு.,

ஆங்கில டப்பிங் வேண்டாம். இத்தாலிய ஒலியில், சப்டைட்டிலோடு பாருங்கள். உதடு அப்போதும் முழுக்க ஒட்டாது. அக்கால இத்தாலியப் படங்களில் வசனத்தைப் பெரும்பாலும் படப்பிடிப்புக்குப் பிறகே பதிவு செய்தார்கள். சிசிலிக்காரராக வரும் திபேரியோ முர்ஜா சார்டினியாக்காரர், குரல் இன்னொருவருடையது. திருடர்கள் ஆளுக்கொரு வட்டார வழக்கு பேசுகிறார்கள். சப்டைட்டிலில் அது வராது, காதைத்தான் நம்ப வேண்டும்.

சாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். திருடர்களில் ஒருவரான கோசிமோ அடகுக்கடையில் கொள்ளையடிக்கத் துப்பாக்கியை நீட்டும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். கடைக்காரர் பதறவே இல்லை. வாங்கிப் புரட்டிப் பார்த்து, அடகுக்கு வந்த பொருள் என்று நினைத்து விலை சொல்கிறார். வாய்விட்டுச் சிரிக்கிறோம். அதே கோசிமோ பிறகு ஒரு பெண்ணின் கைப்பையைப் பறிக்கப் போய் டிராமில் அடிபட்டுச் சாகிறார். அவரைச் சிரிப்புக்கு ஆளாக்கிய அதே இல்லாமைதான் கொல்லவும் செய்கிறது. இயக்குநர் மாரியோ மோனிசெல்லி 1958இல் துணிந்து செய்த காரியம் இது. சிரிப்பையும் கசப்பையும் கலந்து பின்னால் வந்த ‘இத்தாலியபாணி நகைச்சுவை’ப் படங்கள் மொத்தமும் இதன் மேல்தான் நிற்கிறது.

திருட்டுக் காட்சியும் அப்படியே. பக்கத்து வீட்டுச் சுவரை உடைத்து அடகுக்கடைப் பெட்டகத்தை எட்டுவது திட்டம். மரச்சாமான்களை இடம் மாற்றி வைத்திருப்பது தெரியாமல் தப்பான சுவரை உடைக்கிறார்கள். அந்தப் பக்கம் இருப்பது அதே வீட்டின் அடுக்களை. உட்கார்ந்து கொண்டைக்கடலை போட்ட பாஸ்தாவைச் சாப்பிடுகிறார்கள். பெட்டகம் கைவிட்டுப்போன வருத்தத்தை விட அந்தச் சாப்பாட்டின் ருசி முகங்களில் தூக்கலாகத் தெரியும். எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த இடம்.

திருடர்களில் ஒருவராக நடிக்கும் விட்டோரியோ காஸ்மன் மேடையில் சோக நாடக நாயகர். அந்தக் கம்பீரம் உறுத்தக் கூடாதென்று ஒட்டு மூக்கு வைத்து, நெற்றியைக் குறுக்கி, திக்குவாயும் கொடுத்தார்கள்.

அடுத்து பியெத்ரோ ஜெர்மியின் ‘திவோர்த்சியோ அல்லிதாலியானா’வை (‘இத்தாலியபாணி விவாகரத்து’, 1961) பாருங்கள். இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் வந்தது 1970இல்தான். ஆனால் மனைவியைக் கள்ள உறவில் கண்டு ஆத்திரத்தில் கொன்றவனுக்குத் தண்டனைச் சட்டத்தின் 587ஆவது பிரிவு 3 முதல் 7 ஆண்டு சிறை மட்டுமே என்று சலுகை தந்தது. 1981 வரை அது நடப்பில் இருந்தது. இது தெரிந்தால்தான், படத்தின் நாயகன் மஸ்த்ரோயானி ஏன் தன் மனைவிக்கு மெனக்கெட்டு ஒரு காதலனைத் தேடுகிறார் என்பது பிடிபடும்.