நோட்டு நிரம்புகிறது, கணக்கு வரவில்லை

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். நுண்கணிதப் பாடங்களில் பயிற்சிக் கணக்குகளை வரிசையாகப் போட்டு இரண்டு நோட்டு முடித்துவிட்டேன். ஆனாலும் கேள்வித்தாளைக் கையில் வாங்கினால் எந்தக் கணக்கை எப்படித் தொடங்குவது என்று புரியவில்லை. கைடில் கணக்குகள் குவிந்து கிடக்கின்றன. எதைப் போடுவது, எதை விடுவது?
– ஒரு மாணவர், கோத்தகிரி

பதில்: வரிசையாகப் போட்டதுதான் வினை, தம்பி. பிரதியிடல் என்று தலைப்புப் போட்ட பயிற்சியில் எல்லாக் கணக்குக்கும் வழி பிரதியிடல்தான் என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது, தேர்வுத் தாளில் அந்தத் தலைப்பை யார் எழுதித் தருவார்கள்? நானும் ஒருகாலத்தில் சுலபமான கணக்குகளாகப் போட்டு நோட்டின் கனத்தைப் பார்த்துப் பூரித்தவன்தான், அதனால் திட்டவில்லை.

பார்க்க ஒன்றுபோலவும் வழியில் வேறாகவும் இருக்கும் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுது. எக்ஸையும் ஈ அடுக்கு எக்ஸையும் பெருக்கித் தொகையிடச் சொன்னால் பகுதித் தொகையிடல். அடுக்கில் மட்டும் எக்ஸ் வர்க்கம் என்று மாற்றினால் பிரதியிடலில் இரண்டே வரி. அதே கணக்கில் முன்னால் நிற்கும் எக்ஸை எடுத்துவிட்டால் இதுவரை படித்த எந்த முறையிலும் விடை வராது, ஏன் வராது என்று கொஞ்சம் முட்டிப்பார். இந்த மூன்றும் ஒரே மாதிரியான முப்பது கணக்குக்குச் சமம்.

அப்புறம், போட்டு முடித்த கணக்கை ஒரு இடத்தில் திருகிப்பார். ஓடையை ஒட்டிச் செவ்வகமாக ஒரு கேரட் பாத்தி, ஓடைப் பக்கம் வேலி வேண்டாம், மற்ற மூன்று பக்கத்துக்கும் சேர்த்து 40 மீட்டர் கம்பி இருக்கிறது, அதிகபட்சப் பரப்பு என்ன? ஓடையிலிருந்து மேலே 10 மீட்டர், ஓடையோரம் 20 மீட்டர், ஆக 200 சதுர மீட்டர். சரி, இப்போது மேலே 8 மீட்டரிலேயே பக்கத்து வீட்டுத் தேயிலை தொடங்குகிறது என்று வைத்துக்கொள். வகைக்கெழுவைப் பூச்சியமாக்கி மறுபடியும் 10 என்று எழுதினால் வேலி அடுத்தவர் செடிக்குள் நிற்கும்! விடை எல்லையில், 8 மீட்டரில் இருக்கிறது, பரப்பு 192. இந்த இடத்தில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் சறுக்குகிறார்கள்.

விடையைப் பார்த்துப் புரிந்துகொண்ட கணக்கைப் போட்ட கணக்காக எண்ணாதே. தேதி போட்டு வை, நாலு நாள் கழித்து வெறும் தாளில் மறுபடி போடு, வந்தால்தான் டிக். தடையில்லாமல் இரண்டு முறை வந்துவிட்டதா, அதை விட்டுவிடு, எவ்வளவு பிடித்திருந்தாலும்.

ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஏழிலும் 'அல்லது' இருக்கிறது, 90-க்கு 35 அங்கேயே. பழைய கேள்வித்தாள்களை எடுத்து, போடாமல், எதைத் தேர்ந்தெடுப்பாய், முதல் வரி என்ன என்று மட்டும் எழுதிப் பழகு. ஒரு ஜோடிக்கு ஒரு நிமிடம். கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகிற பஸ்ஸில்கூடச் செய்யலாம், வளைவில் தலை சுற்றாதவர்கள்.