அறுபத்தெட்டாம் எண் சட்டை: யாரோமிர் யாகர் குறித்த கேள்வி பதில்

செக் நாட்டு ஐஸ் ஹாக்கி வீரர் யாரோமிர் யாகரைப் பற்றி நண்பர்கள் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். 1996 முதல் டொரான்டோவில் வசிக்கிறேன். குளிர்கால இரவுகளில் நான் பார்த்த ஆட்டங்களில் என்னை மிகவும் ஆட்கொண்டவர் இவர். ஆகவே பதில்களில் என் அன்பும் கலந்திருக்கும். கணக்குகளில் மட்டும் அதை நுழைய விடவில்லை.

கேள்வி: நான் இந்த ஆட்டத்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். யாகர் ஒரு ஃபார்வர்ட் என்கிறார்கள். அவருடைய வேலை என்ன?

பனித்தளத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர் நிற்பார்கள்: ஒரு கோல்கீப்பர், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், மூன்று ஃபார்வர்ட்கள். அந்த மூவரில் நடுவில் ஆடுபவர் சென்டர், இரு ஓரங்களிலும் ஆடுபவர்கள் விங்கர்கள். யாகர் வலப்பக்க விங்கர். ஏறத்தாழ முக்கால் நிமிடம் முழு வேகத்தில் ஆடியதும் மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்ப, அடுத்த மூவர் இறங்குவார்கள். இப்படி ஒரு முறை இறங்கி ஏறுவதை ஷிஃப்ட் என்கிறோம். கோல் அடித்தாலும் ஒரு புள்ளி, கோலுக்கு வழிவகுத்த பாஸ், அதாவது அசிஸ்ட், கொடுத்தாலும் ஒரு புள்ளி. ஃபார்வர்டின் பெயர் பெரும்பாலும் இந்தப் புள்ளிக் கணக்கைக் கொண்டே எழுதப்படுகிறது.

கேள்வி: 68 என்ற எண்ணை அவர் ஏன் விடாமல் அணிந்தார்? அவரோடு பிட்ஸ்பர்க் அணியில் ஆடிய நட்சத்திர வீரர் லெமியூவின் 66க்கு அருகில் இருக்க வேண்டும் என்பதாலா?

அப்படிப் பலர் நினைக்கிறார்கள், அது தவறு. 1968 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்தின் தலைமையில் வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. பிராகா வசந்தம் என்று அழைக்கப்பட்ட சீர்திருத்த முயற்சி டாங்கிகளின் அடியில் நசுங்கியது. யாகரின் தாத்தா இறந்ததும் அதே ஆண்டில்தான். கிளாட்னோ நகரை ஒட்டி நிலம் வைத்திருந்த விவசாயி அவர். கம்யூனிஸ்ட் ஆட்சியின் கூட்டுப்பண்ணைக்குப் பணிய மறுத்ததற்காகச் சிறை சென்றவர். பேரன் பிறந்தது 1972 பிப்ரவரி 15 அன்று. தான் பார்த்தேயிராத தாத்தாவின் நினைவைத்தான் அவர் முதுகில் சுமந்தார். பிற்காலத்தில் ரஷ்ய அணி ஒன்றுக்கு ஆடப் போனபோதும் அந்த எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை.

கேள்வி: 1990இல் அவர் அமெரிக்கா வந்தபோது தப்பி ஓடி வந்தாரா? அந்தக் காலத்துச் செக் வீரர்கள் எல்லோரும் அப்படித்தானே வந்தார்கள்?

அவருக்கு அந்தத் தேவை ஏற்படவில்லை. 1989 நவம்பரில் வெல்வெட் புரட்சி ஆட்சியை மாற்றிவிட்டிருந்தது. அடுத்த ஆண்டு கோடையில் நடந்த டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் இளம் வீரர்களை வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, அவர் வெளிப்படையாகவே வந்து உட்கார்ந்தார். நாட்டை விட்டு ஓடாமல் அப்படி வந்த முதல் செக்கோஸ்லோவாக்கிய வீரர் அவர்தான். நான்கு அணிகள் வேறு நால்வரை எடுத்த பிறகு, ஐந்தாவதாகப் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அவரை எடுத்தது.

வந்த பிறகு பட்ட பாடுதான் பெரிது. பதினெட்டு வயது, மொழி தெரியாது, பேசிப் பழக ஆளில்லை. வீட்டு நினைவில் பையன் வாடுவதைக் கண்ட நிர்வாகம், டிசம்பரில் கால்கரி அணியிலிருந்து யிரி ஹர்தினா என்ற அனுபவமிக்க செக் வீரரை வாங்கி வந்தது. ஹர்தினா திறமையானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் உடைமாற்றும் அறையில் அந்தப் பையனோடு தாய்மொழியில் பேச ஓர் ஆள் வேண்டும் என்பது அந்தப் பேரத்தின் முக்கியக் காரணம். அதற்குப் பிறகு யாகரின் ஆட்டம் தெளிந்தது. முதல் பருவத்திலேயே 57 புள்ளிகள் எடுத்தார். 1991 மே மாதம், வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லின் பட்டமான ஸ்டான்லி கோப்பையும் அணிக்குக் கிடைத்தது. ஊர் விட்டு ஊர் வந்து, முதல் குளிர்காலத்தில் ஒரு தமிழ்க் குரலுக்காக ஏங்கியவர்களுக்கு இந்த ஹர்தினா செய்த உதவியின் அருமை புரியும்.

கேள்வி: மாரியோ லெமியூ பக்கத்தில் இல்லாவிட்டால் யாகர் இவ்வளவு பெரிய பெயர் எடுத்திருப்பாரா? எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம்.

வாக்குவாதத்தைத் தீர்க்க ஆண்டுக்கணக்கு ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். லெமியூவின் நிழலில் அவர் வளர்ந்தது உண்மை. 1992 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் சிகாகோவிடம் 4-1 என்று பின்தங்கியிருந்த பிட்ஸ்பர்க் 5-4 என்று வென்றது. நான்காவது கோல் யாகருடையது, கடைசி 13 விநாடிகள் இருக்கையில் வந்த ஐந்தாவது கோல் லெமியூவுடையது. யாகரின் அந்தக் கோலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தளத்தின் வலப்பக்கத் தடுப்புப் பலகையை ஒட்டிப் பக்கை, அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டை, வாங்குகிறார். ஒருவரைக் கடக்கிறார், உள்ளே திரும்புகிறார், இன்னொருவர் ஸ்டிக்கை நீட்டுவதற்குள் பக் அங்கிருந்து போய்விடுகிறது. கூட்டத்தின் நடுவே பின்கையால் தாழ்வாகத் தட்டுகிறார். அப்போது அவருக்கு வயது இருபது.

லெமியூ 1997இல் ஓய்வு பெற்றார். அதற்கு அடுத்த நான்கு பருவங்களிலும், 1998 முதல் 2001 வரை, என்எச்எல் லீகில் அதிகப் புள்ளிகள் எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் விருதை யாகரே பெற்றார். லெமியூ 2000 டிசம்பர் இறுதியில் திரும்பி வந்தார் என்பதால் நான்காவது விருதில் மட்டும் அவருக்குப் பங்கு உண்டு என்று சொல்லலாம். இங்கே காலத்தையும் பார்க்க வேண்டும். 1992-93 பருவத்தில் ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக ஏழு கோலுக்கு மேல் அடித்தன; 1997-98இல் அது ஐந்தேகாலை ஒட்டிச் சுருங்கிவிட்டது. தடுப்பாட்டக்காரர்கள் கட்டிப்பிடித்தும் ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுத்தும் ஆடிய அந்தப் பருவத்தில் நூறு புள்ளிகளைத் தொட்டவர் லீக் முழுவதிலும் யாகர் ஒருவரே, 102 புள்ளிகளுடன். 1995-96இல் லெமியூவும் ஆடிய பருவத்தில் அவர் எடுத்த 149 புள்ளிகள் இன்றும் வலப்பக்க விங்கர் ஒருவரின் உச்சமாக இருக்கின்றன. ஆனாலும் என் மனத்தராசில் 102தான் கனமானது.

1999 ஸ்டான்லி கோப்பைப் போட்டியின் முதல் சுற்றையும் சொல்லியாக வேண்டும். பிட்ஸ்பர்க் அணி திவால் நிலையில் இருந்தது. நகரை விட்டே அணி போய்விடும் என்ற அச்சம் நிலவியது. தொடைக்கவட்டுக் காயத்தால் நான்கு ஆட்டங்களை இழந்த யாகர், நியூ ஜெர்சிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் நொண்டிக்கொண்டே இறங்கினார். தோற்றால் பருவம் முடிந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் வென்றும் கொடுத்தார். ஏழாவது ஆட்டத்தையும் வென்ற அணி அடுத்த சுற்றில் எங்கள் டொரான்டோவிடம் தோற்றது. ஊர்க்காரர்கள் மகிழ்ந்த அந்த இரவில், உண்மையைச் சொன்னால், நான் யாகருக்காக வருந்திக்கொண்டிருந்தேன்.

கேள்வி: அவரிடமிருந்து பக்கை ஏன் யாராலும் பிடுங்க முடியவில்லை? உடல் பலம் மட்டும்தானா?

உடலும் உண்டு: ஆறடி மூன்றங்குல உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. ஆனால் அதே உடம்போடு எத்தனையோ பேர் வந்து போனார்கள். அவருடைய ஆட்டத்தில் பார்க்க வேண்டியது இடுப்பை. இடக்கை ஸ்டிக் பிடிப்பவர் வலப்பக்கத்தில் ஆடினால், பக் இயல்பாகவே தளத்தின் நடுப்பக்கம், அதாவது எதிராளி வரும் பக்கம் இருக்கும். கோலை நோக்கி அடிக்க அது வசதி, காப்பாற்றுவதற்குச் சிரமம். யாகர் அந்த நொடியில் பக்கைப் பின்கைப் பக்கம் தள்ளி, முழங்காலை மடக்கிப் பின்புறத்தை எதிராளியின் மேல் சாய்த்துவிடுவார். ஒரு கை ஸ்டிக்கில் இருக்கும். மறு கை எதிராளியை எட்ட நிறுத்தும். பக் அவருக்கு முன்னால் ஓர் ஆள் தூரத்தில் இருக்கும். அதைத் தொட வேண்டுமானால் அவரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சுற்றத் தொடங்கியதும் அவர் எதிர்த்திசையில் திரும்பிவிடுவார். அந்தத் தொடை வலு சிறு வயதில் சேர்ந்தது. பிள்ளைப் பருவத்திலேயே நாளொன்றுக்கு ஆயிரம் உட்கார்ந்தெழும் பயிற்சி செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: நகானோ ஒலிம்பிக் தங்கம் அவருடைய சாதனையா?

1998 நகானோ தங்கத்தைக் கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக்கின் தங்கம் என்று சொல்வதே நியாயம். அரையிறுதியில் கனடாவின் ஐந்து பெனால்ட்டி ஷாட்களையும் அவர் தடுத்தார். இறுதியில் ரஷ்யா ஒரு கோலும் அடிக்கவில்லை, பீட்டர் ஸ்வோபோடா அடித்த ஒரே கோலில் செக் வென்றது. யாகர் அந்த அணியின் முன்வரிசைத் தலைவர். பின்னர் 2005, 2010 உலக சாம்பியன்ஷிப் பட்டங்களையும் வென்று, ஸ்டான்லி கோப்பை, ஒலிம்பிக் தங்கம், உலகப் பட்டம் மூன்றும் பெற்ற சிலரில் ஒருவரானார். 2005இல் விரல் முறிந்த நிலையில் ஆடினார் என்பதை இளையவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

கேள்வி: வாஷிங்டனில் ஏன் சோபிக்கவில்லை?

2001இல் பணமில்லாத பிட்ஸ்பர்க் அவரை வாஷிங்டனுக்குக் கொடுத்தது. அங்கே ஏழு ஆண்டுகளுக்கு 77 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அந்தத் தொகைக்கு ஏற்ற ஆட்டத்தை அவர் அங்கே ஆடவில்லை. அவரை நேசிப்பவனாக இருந்தாலும் இதை மறுக்க மாட்டேன். பயிற்சியாளர்கள் கேட்ட ஆட்டம் ஒன்று, அவர் ஆட விரும்பியது வேறு. முகமும் வாடியே இருந்தது. 2004 ஜனவரியில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு மாறினார். 2005-06இல் 54 கோல், 123 புள்ளிகளுடன் அந்த அணியின் பருவச் சாதனைகளை உடைத்தார். ஜோ தார்ன்டன் 125 புள்ளிகளும் ஜொனாதன் சீச்சூ 56 கோல்களும் எடுத்ததால், அதிகப் புள்ளிக்கும் அதிகக் கோலுக்குமான இரண்டு விருதுகளும் இரண்டிரண்டு எண்ணிக்கையில் நழுவின.

கேள்வி: ரஷ்யாவுக்குப் போகாமல் இருந்திருந்தால் கனடாவின் புகழ்பெற்ற வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் என்எச்எல் சாதனைகளை முறியடித்திருப்பாரா?

புள்ளிகளில் வாய்ப்பே இல்லை. யாகர் 1733 ஆட்டங்களில் எடுத்தவை 766 கோல், 1155 அசிஸ்ட், மொத்தம் 1921 புள்ளிகள். கிரெட்ஸ்கியின் மொத்தம் 2857. அவருடைய அசிஸ்ட் மட்டுமே 1963. அதாவது கிரெட்ஸ்கி ஒரு கோல்கூட அடிக்காதிருந்தாலும் யாகருக்கு முன்னால்தான் நின்றிருப்பார்.

கோல் கணக்கில் கேள்வி உயிருள்ளது. கிரெட்ஸ்கியின் 894க்கும் இவருடைய 766க்கும் இடைவெளி 128. 2004-05 பருவம் முழுவதும் முதலாளிகள் கதவடைப்பில் போனது. 2008 முதல் மூன்று பருவங்கள் ஓம்ஸ்க் நகரின் அவன்கார்ட் அணியில் ஆடினார். இந்த நான்கு பருவங்களுக்கும் பகிர்ந்தால் பருவத்துக்கு 32 கோல் வேண்டும். ரேஞ்சர்ஸில் கடைசி இரு பருவங்களில் அவர் அடித்தவை 30, 25. 1994-95, 2012-13 பருவங்கள் பாதியாகச் சுருங்கியதையும் சேர்த்தால் நெருங்கியிருப்பார். எட்டியிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 2025 ஏப்ரலில் அலெக்ஸாண்டர் ஒவெச்கின் 895வது கோலை அடித்து அந்த எல்லையைக் கடந்துவிட்டார்.

ஓம்ஸ்கில் கழிந்த காலத்தை இழப்பு என்று மட்டும் பார்ப்பவர்கள் 2008 அக்டோபர் 13ஐயும் நினைக்க வேண்டும். அன்று யாகரோடு ஒரே ஷிஃப்டில் ஆடிவிட்டுப் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த பத்தொன்பது வயது அலெக்ஸெய் செரெபானோவ் மயங்கிச் சரிந்து இறந்துபோனார். அதற்குப் பிறகும் யாகர் அந்த அணியில் மேலும் இரண்டு பருவங்கள் தங்கினார்.

கேள்வி: நாற்பதைத் தாண்டியும் எப்படி ஆடினார்?

வேகம் அவரை விட்டுப் போனது. இடுப்பும் கணிப்பும் போகவில்லை. பிறர் உறங்கும் நேரத்தில் எடைகட்டிய மேலாடையும் கணுக்காலில் பளுவும் அணிந்து தனியாகச் சறுக்கிப் பயிற்சி செய்வது அவர் வழக்கம். 2015-16இல், 44 வயது நிறைந்த பருவத்தில், ஃபுளோரிடா அணிக்காக 66 புள்ளிகள் எடுத்தார். கூடவே ஆடிய பார்கோவும் ஹூபர்டோவும் அவர் முதல் கோப்பையை வென்றபோது பிறந்திருக்கவில்லை. 2016 டிசம்பர் 22 அன்று பார்கோவின் கோலுக்கு அசிஸ்ட் பெற்று, மார்க் மெஸ்ஸியரின் 1887 புள்ளிகளைக் கடந்து எல்லாக் காலத்துக்குமான புள்ளிப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தார். அடுத்த பருவம் கால்கரியில் காயங்களுடன் 22 ஆட்டங்கள், ஒரே கோல். அதோடு என்எச்எல் வாழ்க்கை முடிந்தது, ஆட்டம் முடியவில்லை. அப்போது தானே உரிமையாளராக இருந்த கிளாட்னோ அணிக்குத் திரும்பி, ஐம்பதைத் தாண்டிய பிறகும் ஆடினார். அவர் இறங்கினால் அரங்கு நிறையும், அணிக்கு வருமானம் வரும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கேள்வி: பிட்ஸ்பர்க் ரசிகர்கள் அவரை மன்னித்தார்களா?

நீண்ட காலம் மன்னிக்கவில்லை. 2011இல் என்எச்எல்லுக்குத் திரும்பியபோது பிட்ஸ்பர்க்கில் சேராமல், பக்கத்து எதிரியான பிலடெல்பியாவில் சேர்ந்தார். அதன்பின் பிட்ஸ்பர்க்குக்கு ஆட வரும்போதெல்லாம் அவர் பக்கைத் தொட்டாலே கூச்சலிட்டார்கள். 2024 பிப்ரவரி 18 அன்று, அவருடைய 52வது பிறந்தநாள் கழிந்து மூன்றாம் நாள், பெங்குவின்ஸ் 68ஆம் எண்ணுக்கு ஓய்வளித்து அரங்கின் கூரைக்கு ஏற்றியது. அன்று ஆட்டத்துக்கு முன் அணி வீரர்கள் அனைவரும் 68ஆம் எண் சட்டையும், அவருடைய பழைய நீண்ட பின்தலை முடியைப் போன்ற பொய்முடியும் அணிந்து பயிற்சிக்கு இறங்கினார்கள். அவர்களுக்கு நடுவே, பெங்குவின்ஸ் உடையில் அவரும் சறுக்கிக்கொண்டிருந்தார்.