கிளிநொச்சியில் சுடுதண்ணீர்த் தாங்கி பூட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

குழாய்க்கிணற்றுத் தண்ணீருக்கு 50 லீற்றர் மின் கீசர் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவரும். ஆனால் வன்னியில் பல இடங்களில் நிலத்தடி நீர் கல்சியம் கூடிய வன்நீர். சூடாக்கச் சூடாக்கச் சுண்ணாம்பு ஹீற்றரில் படிந்து கரண்டைத் தின்னும். உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தாங்கி துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாக அரிபடுவது அந்தக் கம்பிதான். வருடத்துக்கு ஒருக்கால் கழற்றிப் பாருங்கள், மெலிந்திருந்தால் மாற்றுங்கள். அனேகர் மறப்பது இதைத்தான்.

குளிர்நீர் வரும் பக்கத்தில் அமுக்கம் விடுவிக்கும் வால்வு கட்டாயம். சூடேறும்போது அது சொட்டுவது பழுதல்ல. தயவுசெய்து அடைக்காதீர்கள், தாங்கி வெடிக்கலாம். எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் இல்லாத வீட்டில் பூட்டவே வேண்டாம்.

சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து, காற்றில்லாமல் தண்ணீர் வரும்வரை நிரப்பிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். வெப்பநிலை 60 பாகை போதும். நன்றாகக் குறைத்தால் கிருமி வளரும்.